குடும்பக் காரணம்

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களிடம்
யாரும் வாய் திறந்து சம்மதம் சொல்வதில்லை.
தேநீர் சொல்லும்.
சர்க்கரை கரைந்து வந்தால் சரி.
வெறும் தேநீர் வந்தால்
செருப்பைத் தேட வேண்டியதுதான்.

சோல்மாஸுக்குக் கேட்டு வந்த அன்று
கரண்டி என் கையில் இருந்தது.
எனக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பதினைந்து.
"நீ கலக்கு, உன் கை ராசியான கை"
என்றாள் அம்மா.
பதினோரு கண்ணாடிக் குவளைகள்,
குவளைக்கு மூன்று கரண்டி.
எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்பதைத் தவிர
எனக்கு வேறு கவலை இல்லை.
எண்ணக் கற்றுக்கொடுத்தவள்
அடுத்த அறையில்
நூலால் அளக்க
விரலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கெட்டவர் இல்லை.
இதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.
மார்னேவுலிச் சந்தையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து
என் மதிப்பெண் அட்டையை
எடை போட வந்தவர்களுக்கெல்லாம் காட்டியவர்.
சோல்மாஸின் மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம்.
அதையும் காட்டினார்,
பெண் பார்க்க வந்தவர்களிடம்.
"கணக்கு வரும், கடையைப் பார்த்துக்கொள்வாள்."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளி வாசல்
பெண்களுக்கு மட்டும் குறுகிவிடும்.
பூட்டெல்லாம் யாரும் போடுவதில்லை.
பத்தாம் வகுப்பு அடுத்த ஊரில்,
அடுத்த ஊருக்கு வேன்,
வேனில் யார் யார்,
யார் பக்கத்தில் யார்,
வழியில் எவனாவது காரில் தூக்கிப்போட்டுப் போனால்
யார் பொறுப்பு.
அத்தை ஒரு கேள்வி, சித்தப்பா ஒரு கேள்வி.
எல்லாவற்றையும் கோத்து வளைத்தால்
ஒரு மோதிரம் அளவுக்கு வரும்.

வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
ஆசிரியை எழுதினாள்: குடும்பக் காரணம்.
அந்தப் பக்கத்தில் அது ஐந்தாவது.
மேற்படி என்று போட்டிருந்தாலே போதும்.

நான் திபிலிசி போனேன்.
ஜார்ஜிய மொழியின் முப்பத்துமூன்று எழுத்தும்
பலகை மாவில் அவள் விரலால் எழுதிக் காட்டியவை.
அம்மா உருட்டுக்கட்டையோடு வருவதற்குள்
படித்துவிட வேண்டும்.
அந்த எழுத்துகளை வைத்துத்தான்
இன்று நிலப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து
எது யாருக்குச் சொந்தம் என்று எழுதுகிறேன்.

போன மார்ச்சில் மைத்துனர் கூப்பிட்டார்.
"தூனய்க்குக் கேட்டு வருகிறார்கள்,
தாய்மாமன் நீ இல்லாமல் எப்படி?"

தூனய்க்குப் பதினாறு நடக்கிறது.
சிவப்பு வலை சுற்றிய தட்டுகள் வந்திறங்கின.
வரிசையாக முழங்கால்கள்,
பனிச்சேறு காயாத காலுறைகள்.
"கல்யாணத்துக்குத்தான் வயசுக் கணக்கு,
மோதிரத்துக்கு என்ன?
அரசு ஆள், நீங்களே சொல்லுங்கள்"
என்று பையனின் அப்பா சிரித்தார்.
நானும் கொஞ்சம் சிரித்தேன்.

தேநீரை சோல்மாஸே ஏந்தி வந்தாள்.
முதல் குவளை எனக்கு.
உதட்டில் பட்டதுமே தெரிந்துவிட்டது.
எதிர் வரிசையில் ஹகிகத் என்ற பெரியம்மா
குவளைக்குள் எட்டிப் பார்த்து,
"பாவம், மருமகள் மறந்துவிட்டாள்" என்றாள்.

"மறக்கவில்லை.
பதினோரு குவளை. எண்ணித்தான் ஊற்றினேன்."

கணப்பில் விறகு சரிந்தது.
அம்மா சர்க்கரை டப்பாவை
மேஜை விரிப்பின் மேல் மெல்ல என் பக்கம் நகர்த்தினாள்.
"நீ போடு, உன் கை..."
முடிக்கவில்லை.
சோல்மாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தாள்.

இப்படியே இருக்கட்டும் என்றேன்.
ஏனோ ஜார்ஜிய மொழியில் வந்துவிட்டது.
அறையில் அது இருவருக்குத்தான் புரிந்தது,
ஒருத்தி கதவுக்குப் பின்னால்.

"என்ன சொன்னாய்?
நம் மொழியில் சொல்" என்றார் மைத்துனர்.

குவளை சுட்டது.
கீழே வைக்காமல்
இன்னொரு முறை சொன்னேன்.